கேள்வி – பதில்: பசி மட்டுமா பிரான்சின் அரியணையைக் கவிழ்த்தது?

சென்ற இதழில் பிரெஞ்சுப் புரட்சியைக் குறித்து ஒரு சிறு பதில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் காவிரிப் படுகை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் ஒன்றாக இடம்பெறுகின்றன.

கேள்வி: பிரெஞ்சு மக்கள் பசி பொறுக்க முடியாமல் புரட்சி செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். பஞ்சமும் பசியும் இல்லாத நாடு எது? அங்கே மட்டும் மக்கள் அரசரையும் பிரபுக்களையும் எதிர்த்துத் திரண்டெழுந்தது ஏன்?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. பிரான்சிலேயே 1709ஆம் ஆண்டின் கடுங்குளிரும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் இலட்சக்கணக்கானோரின் உயிரைக் குடித்தன. ஆயினும் பதினான்காம் லூயியின் அரியணை அசையவில்லை. 1789இல் வந்த பசி அந்த அளவுக்குக் கொடியதன்று. ஆகவே பசி காரணங்களில் ஒன்று. அதுவே முழுக் காரணம் ஆகாது.

அன்றைய பிரான்சில் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் மக்கள் இருந்தனர். சட்டம் அவர்களைக் குருமார், பிரபுக்கள், மற்றுள்ள அனைவரும் என்று மூன்று பிரிவுகளாக வகுத்திருந்தது. முதலிரண்டு பிரிவினரும் சேர்ந்து நூற்றுக்கு இருவருக்கு மேல் இல்லை. நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கோ அவர்கள் கையில் இருந்தது. முதன்மையான நேரடி வரியைப் பொதுமக்களே செலுத்தினர். பிரபுக்கள் மீதும் விதிக்கப்பட்ட சில வரிகளைக்கூட அவர்கள் தங்கள் செல்வாக்கைக் கொண்டு குறைத்துக்கொண்டனர். திருச்சபை, தான் விரும்பிய தொகையை 'நன்கொடை' என்ற பெயரில் அரசருக்கு வழங்கியது. இந்த ஏற்பாடு பல தலைமுறைகளாக இருந்துவந்ததுதான். அது திடீரெனப் பொறுக்க முடியாததாக ஆனதற்குக் காரணம், 1787 முதல் 1789 வரையான மூன்று ஆண்டுகளில் நாடே பார்க்க நடந்த சில நிகழ்ச்சிகள்.

கருவூலம் வற்றிப்போனதைக் கண்ட நிதியமைச்சர் கலோன், நிலம் வைத்திருக்கும் அனைவரும் வேறுபாடின்றி வரி செலுத்த வேண்டும் என்ற திட்டத்தை 1787இல் பெரியமனிதர்களின் அவையில் முன்வைத்தார். அவை இணங்கவில்லை; கலோன் பதவியிழந்தார். அவருக்குப் பின் வந்தவரின் முயற்சிகளைப் பாரிஸ் உயர் நீதிமன்றம் தடுத்தது. 1788 ஆகஸ்டில் அரசு தன் கடன்களைத் திருப்பித் தர இயலாத நிலைக்கு வந்து, 1614க்குப் பிறகு கூட்டப்படாமலேயே கிடந்த மூன்று பிரிவினரின் பொதுச்சபையைக் கூட்டுவதாக அறிவித்தது. வசதி படைத்தவர்கள் வரி கொடுக்க மறுத்ததால்தான் நாடு இந்த நிலைக்கு வந்தது என்பது கடைக்கோடி ஊருக்கும் தெரிந்துவிட்டது.

அதன்பின் அன்றைய அரசர் பதினாறாம் லூயி செய்த ஒரு காரியத்தை நான் எல்லாக் காரணங்களிலும் முதன்மையானதாகக் கருதுகிறேன். ஒவ்வோர் ஊரும் கூடித் தன் குறைகளை எழுதி அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டார். 1789 வசந்த காலத்தில் ஊர்த் தேவாலயங்களில் மக்கள் கூடினர். எழுதத் தெரிந்த ஒருவர் எழுத, மற்றவர்கள் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். பல்லாயிரக்கணக்கான குறைப்பதிவேடுகள் இவ்வாறு எழுதப்பட்டன. மன்னராட்சி ஒழிய வேண்டும் என்ற குரலை அவற்றில் காண முடியாது. பெரும்பாலானவை அரசரைத் தந்தையாகப் பாவித்தே பேசுகின்றன. ஆனால் தாம் தலைவிதி என்று எண்ணிச் சுமந்துவந்தவை யாவும் நீக்கக்கூடிய அநீதிகள் என்பதை மக்கள் அந்தக் கூட்டங்களில்தான் ஊராகச் சேர்ந்து வாய்விட்டுச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களைப் பழையபடி மௌனமாக்குவது எவராலும் ஆகாது.

மூன்றாம் பிரிவினருக்கு இருமடங்கு பிரதிநிதிகள் என்று அரசர் ஒப்புக்கொண்டார். வாக்குகளைத் தலைக்கு ஒன்றாக எண்ணுவதா, பிரிவுக்கு ஒன்றாக எண்ணுவதா என்பதை மட்டும் தீர்க்காமல் விட்டுவிட்டார். பிரிவுக்கு ஒன்று என்றால் முதலிரண்டு பிரிவினரும் எப்போதும் இரண்டுக்கு ஒன்று என்று வென்றுவிடுவர். குறை கேட்டவர்களே அதைத் தீர்க்கும் வழியை அடைத்தார்கள் என்ற கசப்பு, 1789 மே 5 அன்று வெர்சேல்ஸில் சபை தொடங்கியபோதே பரவிவிட்டது. ஜூன் 17 அன்று மூன்றாம் பிரிவினர் தங்களைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டனர்.

பசி வந்து சேர்ந்தது இந்த நேரத்தில்தான். 1788 ஜூலை 13 அன்று பெய்த ஆலங்கட்டி மழை பாரிசைச் சுற்றியுள்ள விளைநிலங்களை அழித்தது. அடுத்து வந்த குளிர்காலம் ஆறுகளை உறையவைத்தது. பாரிசில் 8 அல்லது 9 சூ நாணயத்துக்கு விற்ற நான்கு பவுண்டு ரொட்டி 1789 பிப்ரவரியில் பதினான்கரை சூ ஆயிற்று. ஒரு கூலித் தொழிலாளியின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ. சிறு குடும்பத்துக்கே ஒரு நாளைக்கு அப்படிப்பட்ட இரண்டு ரொட்டிகள் வேண்டும். மற்றக் கணக்கை நீங்களே போட்டுப்பார்க்கலாம்.

கேள்வி: 1930இல் உப்புக்காகச் சத்தியாகிரகம் நடந்த ஊரைச் சேர்ந்தவன் நான். பிரான்சிலும் உப்பு வரி இருந்ததாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வேதாரண்யம்

பதில்: இருந்தது. மக்கள் மிகவும் வெறுத்த வரிகளில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம். பாரிஸ் உள்ளிட்ட வடக்கு, நடுப் பிரான்சில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு பவுண்டு என்ற கணக்கில், அரசு வைத்த விலையில் உப்பு வாங்குவது கட்டாயம். வாங்கிய உப்பைச் சமையலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பன்றி இறைச்சியை உப்புக்கண்டம் போட வேண்டுமானால் அதற்கென்று தனியாக வாங்க வேண்டும். கட்டாயமாக விற்ற உப்பை எப்படிச் செலவழிப்பது என்பதற்கும் கட்டளை போட்ட அரசு அது.

அருகிலிருந்த பிரித்தானி மாகாணத்துக்கு இந்த வரி கிடையாது. எல்லைக்கு அப்பால் மிகமிகக் குறைந்த விலையில் உப்புக் கிடைத்ததால் பெண்களும் சிறுவர்களும்கூடக் கடத்தலில் ஈடுபட்டனர். ஆயுதத்துடன் பிடிபட்டவர்களுக்குக் கப்பலில் துடுப்புத் தள்ளும் தண்டனை. வரி வசூலை அரசு குத்தகைக்கு விட்டிருந்தது. குத்தகைக்காரர்களின் காவலர்கள் எந்த வீட்டிலும் நுழைந்து சோதனையிடலாம். அதே குத்தகைக்காரர்கள் நகருக்குள் வரும் பண்டங்களுக்குத் தீர்வை வாங்குவதற்காக 1780களில் பாரிசைச் சுற்றி மதிலும் சுங்கவாயில்களும் எழுப்பினர். 1789 ஜூலையில் பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டைக்குப் போவதற்கு முன்பே அந்தச் சுங்கவாயில்களுக்குத் தீ வைத்தனர் என்பதைப் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. உப்பு வரி 1790இல் ஒழிக்கப்பட்டது. நெப்போலியன் 1806இல் அதை மீண்டும் கொண்டுவந்தார்.

கேள்வி: பிரெஞ்சுக் குடியானவர்களின் நிலையும் எங்கள் பகுதியில் முன்பு பண்ணையாட்கள் இருந்த நிலையும் ஒன்றுதானா?
– விவசாயி, நன்னிலம்

பதில்: ஒன்றல்ல. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன், இங்கே பண்ணையாள் என்பவர் மிராசுதாரின் மனைக்கட்டில் குடியிருந்து, நெல்லைக் கூலியாகப் பெற்று, சாதியாலும் கடனாலும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டவர். பிரெஞ்சுக் குடியானவர்களுள் மிகப் பெரும்பாலோர் சட்டப்படி சுதந்திரமானவர்கள். நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்களுக்கே சொந்தம். அவர்களின் ஆத்திரத்துக்குக் காரணமே இதுதான் என்பேன். நிலம் தன்னுடையதாக இருந்தும், அந்த நிலத்தின் மீது பிரபுவுக்கு உரிமைகள் இருந்தன. ஆண்டுதோறும் ஒரு சிறு தீர்வை, விளைச்சலில் ஒரு பங்கு, நிலத்தை விற்றால் விலையில் ஒரு பகுதி. மாவு அரைக்கப் பிரபுவின் ஆலைக்கும் ரொட்டி சுடப் பிரபுவின் அடுப்புக்கும் கட்டணம். வழக்கென்று போனால் நீதிபதியும் பிரபு நியமித்தவரே. மேல்வாரம் (நிலவுடைமையாளரின் பங்கு), குடிவாரம் (உழுதவரின் பங்கு) என்ற பிரிவினையை அறிந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அறுவடை நாளை மட்டும் எண்ணிப்பாருங்கள். பிரபுவின் ஆளும் தேவாலயத்தின் ஆளும் வந்து கதிர்க்கட்டுகளை எண்ணித் தங்கள் பங்கை எடுக்கும் வரையில், விளைவித்தவர் ஒரு கட்டையும் வயலைவிட்டு எடுத்துச் செல்லக் கூடாது. வானம் கறுத்தாலும் காத்துக்கிடக்க வேண்டும். கதிர் நனைந்து முளைவிட்டால் அந்த நட்டம் யாருக்கு என்பதைக் களத்துமேட்டில் மழைக்கு அஞ்சி நின்ற எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. வைக்கோலும் பங்கோடு போய்விடுவதால் மாட்டுக்குத் தீவனமும் குறையும். விதைத்த வயலில் பிரபுவின் புறாக்கள் இறங்கினால் அடிக்கக் கூடாது. பிரபு வேட்டையாடும் முயல் பயிரை மேய்ந்தாலும் தொடக் கூடாது.

முற்காலத்தில் பிரபு ஊரைக் காத்தார், அதற்காக இந்த உரிமைகள் என்று ஒரு சமாதானம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் காவலும் நிர்வாகமும் அரசரின் அதிகாரிகளிடம் போய்விட்டன. உரிமைகள் மட்டும் பிரபுவிடம் தங்கின. போதாக்குறைக்கு, பழைய ஏடுகளைப் படித்து மறந்துபோன பாக்கிகளைத் தோண்டியெடுக்கும் வல்லுநர்களைப் பல பிரபுக்கள் அமர்த்தினர். அதனால்தான் 1789 ஜூலை இறுதியில், கொள்ளையர் வருகிறார்கள் என்ற வதந்தியால் 'பெரும் பீதி' பரவி ஊர்கள் கிளர்ந்தபோது, குடியானவர்கள் மாளிகைகளுக்குள் புகுந்து முதலில் தேடியது அந்த ஏடுகளை. அவை கிடைத்த இடத்தில் முற்றத்தில் குவித்து எரித்தார்கள். கொடுக்க மறுத்த இடங்களில் மாளிகையே எரிந்தது. அந்தச் செய்தி வெர்சேல்ஸை எட்டியதும், ஆகஸ்ட் 4 இரவு, பிரபுக்களே தேசிய சபையில் எழுந்து தங்கள் சலுகைகளைத் துறப்பதாக அறிவித்தனர்.

கேள்வி: எங்கள் கடற்கரையில் நடந்த சண்டைக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?
– மீன் வணிகர், நாகப்பட்டினம்

பதில்: உண்டு. 1782 ஜூலை 6 அன்று நாகைக்கு அப்பால் நடுக்கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்கு எதிராகப் பிரான்ஸ் இறங்கியதன் ஒரு கிளைதான் அந்தச் சண்டை. பிரான்சோடு கைகோத்திருந்த ஐதர் அலியின் படை, அதற்கு முந்தைய ஆண்டில் தஞ்சைச் சீமையைச் சூறையாடியிருந்தது.

1778 முதல் 1783 வரை நடந்த அந்தப் போருக்குப் பிரான்ஸ் 100 கோடி லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மேல் செலவிட்டது, பெரும்பகுதி கடன். 1788இல் அரசின் செலவு ஏறத்தாழ 63 கோடி லிவ்ர், வரவு 50 கோடி. செலவில் பாதி கடனுக்கும் வட்டிக்குமே போயிற்று. அரண்மனை ஆடம்பரம் கருவூலத்தைத் தின்றது என்ற பரவலான எண்ணம் முழு உண்மையன்று. அரசவைச் செலவு நூற்றுக்கு ஆறு அளவில்தான் இருந்தது. ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களின் கண்ணை உறுத்தியது அந்த ஆறுதான் என்பது வேறு.

கேள்வி: "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" என்று அரசி சொன்னாரா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: அதற்குச் சான்று இல்லை. பெயர் குறிப்பிடாத ஓர் இளவரசி அப்படிச் சொன்னதாகச் சிந்தனையாளர் ரூசோ தம் தன்வரலாற்றில் எழுதினார். அந்தப் பகுதியை அவர் எழுதிய 1760களில், பின்னாளில் அரசியான மேரி அன்டாய்னெட் வியன்னாவில் சிறுமியாக இருந்தார். பிரான்சுக்கு வந்தது 1770இல்.

கேள்வி: காரைக்காலில் இன்றும் ஜூலை 14 நினைவுகூரப்படுகிறது. பாஸ்டில் சிறையில் அன்று எத்தனை பேர் அடைபட்டிருந்தனர்?
– முன்னாள் பிரெஞ்சு இராணுவ வீரரின் மகன், காரைக்கால்

பதில்: ஏழு பேர் மட்டுமே. மக்கள் போனது அவர்களை விடுவிக்க அல்ல. மூன்றாம் பிரிவினர் நம்பியிருந்த அமைச்சர் நெக்கரை அரசர் ஜூலை 11 அன்று நீக்கினார்; பாரிசைச் சுற்றிப் படைகள் குவிந்திருந்தன. தேசிய சபையைக் கலைத்து நகரையும் அடக்கப்போகிறார்கள் என்று மக்கள் அஞ்சினர். 14ஆம் தேதி காலையில் இன்வாலிட் மாளிகையிலிருந்து ஏறத்தாழ 30,000 துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டனர். வெடிமருந்து பாஸ்டிலில் இருந்தது. கோட்டையைப் பிடித்தவர்களுள் பெரும்பாலோர் அருகிலிருந்த தச்சர்கள், பூட்டுச் செய்பவர்கள், செருப்புத் தைப்பவர்கள், சிறு கடைக்காரர்கள்.

கேள்வி: குடிமக்கள் எழுந்தனர், சரி. சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?
– விவசாயத் தொழிலாளர், கீழ்வேளூர்

பதில்: மூன்றாம் பிரிவு என்பது ஒரே வர்க்கமன்று என்பதை உங்கள் கேள்வி சரியாகத் தொட்டுவிட்டது. அதில் செல்வந்த வணிகரும் வழக்குரைஞரும் இருந்தனர்; 1781 முதல் நான்கு தலைமுறைப் பிரபுத்துவம் இல்லாதவர் இராணுவ அதிகாரியாவது ஏறக்குறைய இயலாததாகிவிட்டதே என்பது அத்தகைய குடும்பங்களின் குறை. நிலம் வைத்திருந்த குடியானவரின் குறை பிரபுவின் பங்கு. ஆகஸ்ட் 4 தீர்மானம் பல உரிமைகளை ஈட்டுத்தொகை கொடுத்தே மீட்க வேண்டும் என்று வைத்தது. குடியானவர்கள் கொடுக்க மறுத்துப் போராடியதால் 1793 ஜூலை 17 அன்று அவை ஈடின்றி ஒழிக்கப்பட்டன. அவர்களுக்கு அது முழு வெற்றி.

நிலமற்றவர்களின் கதை வேறு. 1789 நவம்பரில் தேசத்தின் உடைமையாக்கப்பட்ட தேவாலய நிலங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. கையில் பணம் இருந்த நகரத்தாரும் வசதியான குடியானவரும் பெரும்பாலானவற்றை வாங்கினர். 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி செலுத்தாத ஆண்களுக்கும் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமையை மறுத்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த ஒரு சட்டம் கூலித் தொழிலாளர்கள் சங்கம் சேர்வதையும் வேலைநிறுத்தம் செய்வதையும் தடைசெய்தது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அவர்களுக்கு 1864இலும் சங்கம் வைக்கும் உரிமை 1884இலும்தான் கிடைத்தன.