எடை, உப்பு, கள்: கல்லீரல் நோயாளிகளுக்குச் செவிலியர் பதில்

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லீரல் சுருக்க நோயாளிகளின் புறநோயாளிப் பிரிவைக் கவனிக்கும் செவிலியர். மருத்துவர் பார்த்தபின், அடுத்த தேதி வரை எடையும் மருந்தும் உணவும் என் பொறுப்பு. கேளுங்கள்.

அப்பாவுக்கு வயிற்றில் இரண்டு முறை நீர் எடுத்துவிட்டார்கள். மறுபடி சேராமல் பார்க்க முடியுமா, சிஸ்டர்? (மகள், வேலந்தாவளம்)

பலருக்குத் தள்ளிப்போட முடியும், அம்மா. தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், வெறும் வயிற்றில், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் உடனே அழையுங்கள். அது சதை அல்ல, நீர். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அவர் பங்கைக் காலையிலேயே சின்ன டப்பாவில் அளந்து வையுங்கள். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. நீரை வெளியேற்றத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோடு சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பருப்பையும் முட்டையையும் நிறுத்தியிருந்தால் திரும்பக் கொடுங்கள். படுக்கும் முன் சிறிது சிற்றுண்டியும் தேவை. இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் உடல் தன் தசையையே கரைக்கும்.

லாக்டுலோஸ் குடித்தால் வயிறு இளகுகிறது. நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். தினமும் இரண்டு மூன்று முறை இளகலாகப் போவதுதான் அந்த மருந்தின் வேலை. கெட்ட கல்லீரல் வடிகட்டாத நச்சு மூளைக்கு ஏறிக் குழப்பாமல் அப்படித்தான் வெளியேறும். அதற்கு மேல் போனால் அளவைக் குறைக்கச் சொல்வோம். அந்தக் குழப்பம் கையெழுத்தில் தெரியும் என்பதால் ஒருவரை நோட்டில் தினமும் கையெழுத்திடச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கின, நான்காம் நாள் பாதிப் பெயரோடு நின்றுவிட்டார். மனைவி அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டியதால்தான் குழப்பம் முற்றுவதற்குள் சேர்க்க முடிந்தது.

கீழாநெல்லி கொடுக்கலாமா?

சென்னை ஆய்வாளர்கள் 1988இல் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு அது பலன் தந்ததாக எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சுருங்கிய கல்லீரலை அது விரிக்காது.

சீந்தில் கொடி? கீழாநெல்லிப் பொடி?

கீழாநெல்லிக்கு மேலே சொல்லிவிட்டேன். சீந்திலால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பொடியானாலும் எங்களைக் கேட்காமல் வேண்டாம். வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபனும் வேண்டாம்.

எங்கள் சித்தூர்த் தாலுகா கள்ளுக்குப் பேர்போனது. கள் மரத்திலிருந்து வருவது, பிராந்தி போல அல்ல. ஒரு கோப்பைக்குத் தடை எதற்கு?

தம்பி, மரத்தில் ஊறுவது இனிப்பு நீர். பானையில் ஈஸ்ட் புளிக்கவைக்கக் கள்ளாகிறது. நேரம் ஏற ஏற ஆல்கஹாலும் ஏறும். உள்ளே போனபின் கல்லீரலுக்குப் பிராந்தியும் கள்ளும் ஒன்றுதான்.

என் தாத்தா 80 வயது வரை குடித்தார், சிஸ்டர்!

அவர் கல்லீரல் சுருங்கவில்லை, உங்கள் கல்லீரல் சுருங்கிவிட்டது. சுருங்கிய பிறகு பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

மரமேறும் குடும்பம் நாங்கள். கள்ளைக் குறை சொன்னால் பிழைப்பு என்னாவது?

உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை, ஐயா. மரம் ஏறுங்கள், விற்றுப் பிழையுங்கள். நோய் வந்தபின் நீங்கள் குடிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஒன்று மட்டும்: பல நாளாகத் தினமும் குடிப்பவர் சட்டென்று தானாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். எங்களிடம் வாருங்கள், மருந்தோடு நிறுத்தலாம். திட்டமாட்டோம்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் ஹெபடைட்டிஸ் பி ஒட்டுமா?

ஒட்டாது. ரேசரைத் தனியாக வையுங்கள், வீட்டாருக்குத் தடுப்பூசி போடுங்கள்.

கீழாநெல்லியைப் பச்சையாக அரைத்தால்...?

அதே பதில்தான்.

எப்போது இரவென்றும் பாராமல் ஓடி வர வேண்டும்?

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, பகலெல்லாம் தூங்கி ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது. விடியட்டும் என்று இருக்காதீர்கள். வரும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.