செயற்கைக் கால் மாலையில் தளர்வது ஏன்?

கேள்வி: ராணுவத்தில் இருந்த என் தம்பி கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தான். காலையில் கச்சிதமாக இருக்கும் செயற்கைக் கால், மாலையில் தொளதொளக்கிறதே?

பதில்: நடக்க நடக்க அழுத்தத்தில் நீர் வெளியேறி எஞ்சிய கால் சுருங்கும், இது இயல்புதான். அதனால் அது சாக்கெட்டுக்குள், அதாவது செயற்கைக் காலில் அதைச் செருகும் கிண்ணம் போன்ற பகுதிக்குள், அதிகம் இறங்கி, முழங்கால் சில்லுக்கு அடியிலோ நுனியிலோ வலிக்கும். அப்போதே கழற்றி, எஞ்சிய காலில் மாட்டும் மெல்லிய துணி உறை ஒன்றைக் கூடுதலாகச் சுருக்கமில்லாமல் போடட்டும். உறையில் சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரலாம். தினமும் துவைத்த உறையே வேண்டும். கழற்றி 20 நிமிடத்துக்குப் பிறகும் சிவப்பு மறையாவிட்டால், புண்ணாகும் முன் அணிவதை நிறுத்தச் சொல்லுங்கள். உறைகள் கூடிக்கொண்டே போனால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். புனேயில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. படுக்கையில் முழங்காலுக்கடியில் தலையணை வேண்டவே வேண்டாம். மூட்டு மடங்கியபடி இறுகிவிடும்.