ஊசி குத்தி நீர் எடுக்க பயப்பட வேணாம்ங்க

தம்பிக்கு மூச்சு இழுத்தா வலது விலால சுருக்குனு குத்துச்சு, கேஸ்னு மாத்திரை போட்டோம், பத்து நாள்ல வலி குறைஞ்சிருச்சு ஆனா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, எக்ஸ்ரேல நுரையீரலச் சுத்தி நீர் கோத்திருக்குன்னு சொல்லி ஊசி குத்தி எடுக்கணும்ங்கறாங்க அம்மா வேணாம்ங்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. வலி குறைஞ்சத வச்சு சரியாயிருச்சுன்னு நினைச்சிராதீங்க. நுரையீரலுக்கு மேல ப்ளூரான்னு ரெண்டு அடுக்கு சவ்வு இருக்கு, அது வீங்கி ஒண்ணோட ஒண்ணு உரசும்போதுதான் அந்த குத்தல், நடுவுல நீர் கோத்துட்டா உரசாது, வலி போயிரும், ஆனா நுரையீரல் விரிய இடம் இல்லாம மூச்சு வாங்கும்.

எனக்கும் இதேதான். உட்கார வச்சு முதுகுல மரத்துப்போற ஊசி போட்டுத்தான் எடுத்தாங்க, அரை மணி நேரம்கூட ஆகல. அந்த நீர டெஸ்ட் பண்ணாம காரணம் தெரியாது. நம்மூர்ல சின்ன வயசுக்காரங்களுக்கு அடிக்கடி காரணம் டிபிதான், அதனால அந்த நீர்ல டிபிக்கான அறிகுறி இருக்கான்னு பாக்குற ஏடிஏ டெஸ்டுக்கு அனுப்புறாங்களான்னு கேளுங்க. சளி டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் டிபி இல்லன்னு அர்த்தம் இல்ல, எனக்கு சளியே வரல.

டிபின்னா பொதுவா 6 மாசம் மாத்திரை, கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஃப்ரீ. அந்த மாத்திரையால யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், நான் ரத்தம்னு நினைச்சு அலறிட்டேன் :) ஆனா கண்ணு மஞ்சளானாலோ வாந்தி நிக்காம வந்தாலோ உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. திடீர்னு மூச்சு திணறினா, ரத்தமா இருமினா, ராத்திரின்னும் பாக்காம எமர்ஜென்சிக்கு போயிருங்க. அம்மாவ டாக்டர்கிட்ட நேரா பேச வைங்க