பந்தயத்துக்கு ஓட்டும் காருக்கு நூல் கட்டி வீல் அலைன்மென்ட் பார்த்தால் போதுமா?

போதும். நீங்கள் விடுமுறை நாளில் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர், கடையில் கணினித் திரையைக் காட்டி "எல்லாம் பச்சையில் இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள், மனம் ஆறவில்லை. அப்படித்தானே? அந்தப் பச்சை, அன்றாட ஓட்டத்துக்குத் தயாரிப்பாளர் வகுத்த வரம்பு. வளைவில் கார் சட்டென்று மூக்கைத் திருப்ப வேண்டும் என்பது அதன் கவலை அல்ல. லேசர் இயந்திரத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் பாய வேண்டாம். அது அளப்பது சரிதான். எந்த அளவு வேண்டும் என்று கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

என் முதல் முயற்சியைச் சொல்கிறேன். காரின் இரு பக்கமும், சக்கரத்தின் மையமான ஹப்பின் உயரத்தில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினேன். முன் ஹப்பிலிருந்தும் பின் ஹப்பிலிருந்தும் நரம்பு சரியாக 100 மி.மீ. தள்ளி நின்றது. ரிம்மின் இரு விளிம்புகளிலும் ஸ்கேலை வைத்து, முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 1 மி.மீ. டோ-அவுட் (சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே திரும்பியிருப்பது), பின் சக்கரத்துக்கு 1 மி.மீ. டோ-இன் (உள்ளே திரும்பியிருப்பது) வைத்தேன். ஒரு மாலை முழுக்க முழங்காலில் நின்று செய்த வேலை.

மறுநாள் இரண்டாம் சுற்றில், நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை மிதித்ததும் காரின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்தது. ஒன்றரைச் சுற்று சுழன்று புல்லில் போய் நின்றேன்.

பக்கத்தில் கார் நிறுத்தியிருந்த பெரியவர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள அகலமும் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் ஒன்றா?" ஒன்றல்ல. என் காரில் முன்பக்கம் 20 மி.மீ. அதிக அகலம், அதாவது இடம், வலம் ஒவ்வொன்றிலும் 10. ஆக என் நரம்பு காருக்கு இணையாக இல்லை. முன்னால் போகப் போக வெளியே விரிந்திருந்தது. 2500 மி.மீ. வீல்பேஸில் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான நீளம்) 10 மி.மீ. சாய்வு என்றால் 15 அங்குல ரிம்மில் ஏறக்குறைய 1.5 மி.மீ. பிழை. முன்னால் 1 என்று நினைத்தது 2.5. பின்னால் டோ-இன் என்று நினைத்தது அரை மி.மீ. டோ-அவுட்! பின்பக்கம் அப்படி இருந்தால் பிரேக்கில் வண்டி நிலைகொள்ளாது.

எனவே அகல வித்தியாசத்தில் பாதியைக் குறுகலான முனையின் (என் காரில் பின்) ஹப் அளவில் கூட்டிக்கொண்டு நூலைக் கட்டுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும், டயர் காற்றைச் சரிபார்க்க வேண்டும், ஓட்டுநர் எடைக்கு இருக்கையில் மூட்டை வைக்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகள் இல்லையென்றால், திருகும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய் அளவு காட்டும். கேம்பரை, அதாவது சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்து நிற்கும் கோணத்தை, தொட்டால் டோவும் மாறும். ஆகவே டோ கடைசியில். கேம்பர் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள், ஓடி முடித்ததும் டயரின் உள், நடு, வெளி வெப்பத்தைக் கேளுங்கள்.

அந்தச் சுழலைப் படம்பிடித்த நண்பன் இன்றும் என் பிறந்தநாள்தோறும் அதை அனுப்புகிறான். அதே ஆண்டு நான் பந்தயத்தில் என் பிரிவில் இரண்டாவதாக வந்தபோது அவனுடைய போனில் சார்ஜ் இல்லையாம்.

டோவைத் திருகி மாற்றும் கம்பியான டை ராடின் லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்; இறுக்கும்போது அந்தக் கம்பி லேசாகத் திரும்பிவிடும்.