யூனிட் நின்றால் எப்படிக் கணக்கு வைப்பது?

கேள்வி: கூடங்குளத்தில் ஒரு யூனிட் (மின் உற்பத்திப் பிரிவு) நின்றதாகச் செய்தி வந்த நாளிலும் எங்கள் பகுதியில் கரண்ட் போகவில்லை. நாட்டில் எந்த மின்நிலையம் எப்போது நிற்கிறது என்று நாமே கணக்கு வைக்க முடியுமா?
– வாசகர், வடசேரி

பதில்: தாராளமாக வைக்கலாம். 2013 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் ஒரே கிரிட், அதாவது ஒரே மின்தொகுப்பு. 1,000 மெகாவாட் விழுந்தால் மற்ற நிலையங்கள் உடனே தூக்கிப் பிடிக்கும். வடசேரியில் கரண்ட் போவது பெரும்பாலும் லைனில் தென்னை மட்டை விழுந்தோ ஃபீடர் (ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன்) பழுதாலோதான்.

மத்திய மின்சார ஆணையம் நேஷனல் பவர் போர்ட்டல் என்ற இணையதளத்தில் தினமும் அறிக்கை போடுகிறது. அதைப் பார்த்து எழுத உங்கள் நோட்டில் யூனிட், மெகாவாட், நின்ற நேரம், காரணம், திரும்ப கிரிட்டில் சேர்ந்த நேரம் என ஐந்து கட்டம் போதும். அறிக்கையை அன்றன்றே இறக்கி வையுங்கள். யூனிட் திரும்பும் தேதி தள்ளிக்கொண்டே போகும். முதலில் சொன்ன தேதி கையில் இருந்தால்தான் தாமதம் தெரியும்.

காரணத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கூடங்குளத்தில் எரிபொருள் மாற்ற நிறுத்துவது திட்டமிட்டது. அனல் நிலையத்தில் பாய்லர் டியூப் லீக் திடீர்ப் பழுது: பாய்லர் ஆறி, உள்ளே இறங்கி வெல்டிங் வைத்து, நீரழுத்தம் கொடுத்துப் பார்ப்பதற்குள் சில நாள் ஓடிவிடும். மூன்றாவது ரிசர்வ் ஷட்டவுன். ஆடிக் காற்றில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றும்போது, அனல் மின்சாரத்துக்குத் தேவை இல்லாததால் நல்ல யூனிட்டையே நிறுத்துவார்கள். அதைப் பழுதில் சேர்க்கவே கூடாது.

அரைகுறை ஓட்டத்தையும் விடாதீர்கள். 210 மெகாவாட் யூனிட் ஒன்று 30 நாள் மாதத்தில் (720 மணி) 72 மணி நின்றது. பழுதால் 48 மணி 150 மெகாவாட்டில்தான் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 60ஐ 210ஆல் வகுத்து 48ஆல் பெருக்கினால் 13.7 மணி. மொத்த இழப்பு 85.7 மணி, தயார்நிலை (மொத்த நேரத்தில் யூனிட் ஓடத் தயாராக இருந்த பங்கு) 88.1 சதவீதம்.

பல நிலையங்களைக் கூட்டும்போது மெகாவாட் எடை போடுங்கள்: ஒவ்வொரு சதவீதத்தையும் அந்த யூனிட்டின் மெகாவாட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த மெகாவாட்டால் வகுங்கள். 1,000 மெகாவாட் யூனிட் 80, 210 மெகாவாட் யூனிட் 95 சதவீதம் என்றால் சரியான சராசரி 82.6, வெறும் சராசரி 87.5 என்று ஏமாற்றும்.

கேள்வி: கோதையாறு நீர்மின் நிலையங்கள் ஓடாத நாளெல்லாம் பழுதா?
– வாசகர், குலசேகரம்

பதில்: இல்லை. 60, 40 மெகாவாட் என்று இரண்டு நிலையங்கள் அங்கே. இயந்திரம் நன்றாக இருந்து அணையில் நீர் இல்லாவிட்டால் தயார்நிலை குறையாது, உற்பத்திதான் குறையும். நீர்மட்டத்தைப் பக்கத்திலேயே தனியாக எழுதி வாருங்கள்.