கணக்கைத் தொடும் பிழையும் கண்ணை உறுத்தும் பிழையும்

கேள்வி: நானும் தம்பியும் எங்களுடன் படித்த ஒருவரும் சேர்ந்து, பலசரக்குக் கடைகளுக்குச் சிட்டை போடவும் இருப்புக் கணக்குப் பார்க்கவும் ஒரு மென்பொருள் செய்திருக்கிறோம். சுன்னாகம், திருநெல்வேலி, யாழ்ப்பாண நகரம் ஆகிய இடங்களில் பதினொரு கடைகள் நான்கு மாதமாக அதன் பீட்டாப் பதிப்பை, அதாவது வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பை, இலவசமாகப் பயன்படுத்துகின்றன. வந்த முறைப்பாடுகளில் பெரும்பகுதியைத் திருத்திவிட்டோம். இன்னும் நாற்பதளவில் கிடக்கின்றன. எல்லாம் சின்னச் சின்னவைதான்: சில திரைகளில் எழுத்து வெட்டுப்படுகிறது, மாத அறிக்கை வரத் தாமதமாகிறது, சில பொருட்களின் பெயர் பட்டியலில் இரண்டு தடவை வருகிறது. ஒன்றுகூட மிச்சமில்லாமல் திருத்தித்தான் வெளியிட வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். காசு போட்ட மாமா கனடாவில் இருக்கிறார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்தன்று வெளியிட வேண்டும், அதற்குள் வாடிக்கையாளரின் கடன் பாக்கியைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் வசதியையும் சேர்க்க வேண்டும் என்கிறார். கொடியேற்றத்துக்கு ஏழு கிழமைகள் இருக்கின்றன. யார் சொல்வதைக் கேட்பது? இவ்வளவு நாள் சும்மா கொடுத்த கடைகளிடம் இனிக் காசு கேட்கலாமா?

ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மாமாவையும் தம்பியையும் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி என்னை மறிக்கிறது. ‘சில பொருட்களின் பெயர் பட்டியலில் இரண்டு தடவை வருகிறது.’ இதைச் சின்னப் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நாற்பதில் இதுதான் ஆகப் பெரியது என்பது என் சந்தேகம்.

கடைக்காரர்களின் பழைய பொருட்பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை ஏதோவொரு மாற்றி கொண்டு, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோட் குறியீட்டுக்கு மாற்றித்தான் உள்ளே ஏற்றியிருப்பீர்கள். ‘கொத்தமல்லி’யின் முதல் எழுத்தை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. கொம்பையும் அரவையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. மாற்றி வழியாக வந்தது ஒரு கொத்தமல்லி, கடைப் பையன் விசைப்பலகையில் அடித்தது இன்னொரு கொத்தமல்லி. வாங்கிய மூட்டை ஒன்றின் கணக்கில் ஏறுகிறது, விற்ற கிலோ மற்றதன் கணக்கில் இறங்குகிறது. மாத முடிவில் இருப்பு பிசகும்போது முதலாளி உங்கள் மென்பொருளைச் சந்தேகிக்க மாட்டார், அந்தப் பையனைத்தான் சந்தேகிப்பார்.

இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் வரும் பெயர்கள் மட்டும் இரட்டிப்பாகின்றன என்றால் காரணம் இதுதான். உள்ளே வரும் எல்லாப் பெயரையும் சேமிப்பதற்கு முன் யுனிகோட்டின் என்.எவ்.சி. வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவத்துக்கு, மாற்றுங்கள். பெரும்பாலான நிரல் மொழிகளில் இது ஒரு வரி வேலை. ஏற்கெனவே பிரிந்துபோன கணக்குகளை ஒன்றாக்குவதுதான் சிரமம். அதை நீங்களாகச் செய்துவிட வேண்டாம். இன்ன இன்ன பொருட்களை இணைக்கப் போகிறோம் என்று பட்டியலை அச்சிட்டுக் கொண்டுபோய், கடைக்காரர் சரி என்ற பிறகே இணையுங்கள்.

பிழைகளைப் பெரிது சிறிது என்று பிரிப்பதில் நீங்கள் மட்டும் சறுக்கவில்லை. மைக்ரோசொப்ட் 2018 ஒக்டோபர் 2 அன்று வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய கணினிகளில் ஆவணக் கோப்புகளை அழித்துவிட்டது. சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்தினார்கள். மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆகிவிட்டது. இதே இழப்பைச் சில சோதனையாளர்கள் வெளியீட்டுக்கு முன்பே எழுதியிருந்தார்கள், ஆனால் ஒரே முறைப்பாட்டை எத்தனை பேர் ஆமோதிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையின் அடியில் அது புதைந்துபோனது. அதன் பிறகுதான் பிழையின் பாரதூரத்தையும் சேர்த்து அறிவிக்கும் வசதியை ஏற்படுத்தினார்கள்.

ஆகவே அந்த நாற்பதையும் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து மறுபடி வாசியுங்கள். இந்தப் பிழையால் காசோ இருப்போ கடனோ ஒரு சதமாவது பிசகுமா, எழுதிய தரவு தொலையுமா, கடை மூடும் நேரத்தில் வேலை நின்றுபோகுமா? ‘ஆம்’ என்றால் அதைத் திருத்தாமல் வெளியிடக்கூடாது. ‘இல்லை’ என்றால் வெளியிடலாம். வெட்டுப்படும் எழுத்தும் தாமதமாகும் அறிக்கையும் கண்ணை உறுத்துபவை மட்டுமே. அவற்றை ‘தெரிந்த குறைகள்’ என்று ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே சொன்ன குறையை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

தம்பியிடம் சொல்லுங்கள்: பிழையே இல்லாத மென்பொருளை வெளியிட்டவர் எவரும் இல்லை. இந்தக் கட்டத்தில் செய்கிற ஒவ்வொரு திருத்தமும் புதிதாக ஒன்றை உடைக்கக்கூடியது. எழுத்து வெட்டுப்படுவதைச் சரிசெய்யப் போய்ச் சிட்டையின் கூட்டுத்தொகை அகலத்துக்கு வெளியே போய்விட்டால் என்ன செய்வது? கூகுளின் ஜிமெயில் 2004 ஏப்ரலிலிருந்து 2009 ஜூலை வரை பீட்டா என்ற பெயருடனேயே ஓடியது உண்மைதான். அவர்களுக்குப் பின்னால் கூகுள் இருந்தது. உங்களுக்குப் பின்னால் ஒரு மாமாதான் இருக்கிறார்.

அந்த மாமா கேட்கும் குறுஞ்செய்தி வசதிக்கு இப்போது ‘இல்லை’ என்பதே பதில். நல்ல யோசனைதான், கடன் கொப்பி இல்லாத பலசரக்குக் கடை நம் ஊரில் ஏது? ஆனால் பதினொரு கடைகளில் ஒன்றில்கூட நான்கு மாதம் ஓடிப் பார்க்காத ஒரு வசதி, முதல் பதிப்பிலேயே அடுத்த தெருக்காரரின் கைத்தொலைபேசிக்கு ‘உங்கள் பாக்கி இவ்வளவு’ என்று அனுப்பப் போகிறது. ஒரு தொகை பிழையாகப் போனால், அல்லது ஒருவரின் பாக்கி இன்னொருவருக்குப் போய்விட்டால், அது மென்பொருள் பிழையாகவா இருக்கும்? ஊர்ச் சண்டையாகிவிடும். போதாக்குறைக்கு வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், கடன் விவரம் எல்லாம் தனிப்பட்ட தரவுகள். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசித்துவிட்டே அதில் கை வையுங்கள். மாமாவிடம் வெறுமனே மறுத்தால் மனம் நோவார். அடுத்த பதிப்பின் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி, அதில் முதல் வரியாக அவருடைய வசதியைப் போட்டு அனுப்புங்கள். இன்றையிலிருந்து புதிய வசதி எதுவும் உள்ளே வராது என்று உங்கள் மூவருக்குள்ளும் ஒரு கட்டு இருக்கட்டும். அந்தக் கட்டைப் பெரும்பாலும் மீறுவது காசு போட்டவர் அல்ல, ‘இது ஐந்து நிமிட வேலை’ என்று நள்ளிரவில் உட்காரும் நிரலாளர்தான்.

அந்தக் கட்டைப் போட்ட பிறகு, பீட்டாவுக்கென்று உள்ளே வைத்தவற்றையெல்லாம் தேடி வெளியே எடுங்கள். குறித்த திகதியோடு பீட்டாப் பதிப்பு தானாக நின்றுபோகும்படி ஒரு பூட்டு வைத்திருப்பீர்கள். எல்லாக் கடைக்கும் பொதுவான ஒரு சோதனைக் கடவுச்சொல் இருக்கும். சோதனை வழங்கியின் (சேர்வர்) முகவரி எங்காவது ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் நைட் கப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம் 2012 ஓகஸ்ட் 1 அன்று, எட்டு வழங்கிகளில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றத் தவறியது. அதில் தூங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கித் தள்ளியதில், முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 44 கோடி டொலர் போய்விட்டது. பயன்படாத நிரலைப் ‘பிறகு தேவைப்படும்’ என்று வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

இப்படித் துப்புரவாக்கிய பதிப்புக்கு ஒரு இலக்கம் கொடுத்து இரண்டு கிழமைகளுக்குத் தொடாமல் விடுங்கள். தொழிலில் இதை ரிலீஸ் கன்டிடேட், அதாவது பிழை வராவிட்டால் அப்படியே வெளியிடப்படும் பதிப்பு, என்பார்கள். இடையில் கணக்கைத் தொடும் பிழை கிடைத்தால் அதை மட்டும் திருத்தி, இரண்டு கிழமையை முதலிலிருந்து எண்ணுங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

அந்த நாட்களில் செய்து பார்க்க வேண்டியவற்றை உங்கள் அறையில் இருந்துகொண்டு செய்ய முடியாது. உங்கள் கணினியில் எல்லாமே ஓடும், தேவையான துணை மென்பொருட்கள் யாவும் அங்கே எப்போதோ ஏறிவிட்டன. விண்டோஸ் மட்டும் உள்ள ஒரு வெறுங்கணினியில் நிறுவிப் பாருங்கள். கையொப்பச் சான்றிதழ் இல்லாத நிறுவிக் கோப்பைத் திறந்தால் விண்டோஸ் நீலப் பெட்டியில் எச்சரிக்கும். அதைக் கண்டு கடைக்காரர் ‘வைரஸ்’ என்று கையை எடுத்துவிடுவார். சான்றிதழ் வாங்கப் பணம் போதாவிட்டால் முதல் கடைகளுக்கு நீங்களே நேரில் போய் நிறுவிக் கொடுங்கள். கல்லாவில் கிடக்கும் பழைய விண்டோஸ் 7 கணினியில் ஓடுமா ஓடாதா என்பதையும் இப்போதே தீர்மானித்து எழுத்தில் போடுங்கள்.

சிட்டை அச்சிடும் சிறிய வெப்ப அச்சுப்பொறி பலவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறி வரிசையாக வந்து விழும், படமாக்கி அனுப்பினால்தான் தமிழ் வரும். உங்களிடம் இருக்கும் ஓர் அச்சுப்பொறியில் வருகிறது என்று நிம்மதியடைய வேண்டாம். 58 மில்லிமீற்றர் தாளிலும் 80 மில்லிமீற்றர் தாளிலும், மலிவான வகையிலும் பாருங்கள். வற் (பெறுமதி சேர் வரி) வீதத்தை நிரலுக்குள் எண்ணாக எழுதியிருந்தால் வெளியே எடுத்து, எந்தத் திகதியிலிருந்து எந்த வீதம் என்று அமைப்பில் வையுங்கள். 2024 ஜனவரி 1 அன்று அது 15 சதவீதத்திலிருந்து 18 ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

பிறகு, ஒருவர் சிட்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். ஒருமுறையல்ல, பல இடங்களில்: பொருள் சேர்க்கும்போது, காசு பெறும்போது, அன்றைய கணக்கை முடிக்கும்போது. 2022 இன் மின்வெட்டுகளை அனுபவித்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மறுபடி இயக்கினால் சிட்டை முழுதாக இருக்க வேண்டும், அல்லது இல்லவே இல்லாதிருக்க வேண்டும். பாதிச் சிட்டை என்ற ஒன்று இருக்கக்கூடாது.

பதினொரு கடைகளிலும் இப்போது இருப்பது சோதனைத் தரவு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கடைக்காரர்களுக்கு அது நான்கு மாத வியாபாரம். ஒவ்வொரு கடையின் தரவையும் அனுமதி கேட்டுப் பிரதி எடுத்து, புதிய பதிப்பை அதன் மேல் ஏற்றி, பழையதில் காட்டும் இருப்பும் கடன் மொத்தமும் புதியதில் அப்படியே வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பெயர் இணைத்த கடைகளில் பொருட்களின் எண்ணிக்கை குறையும், மொத்தம் மாறக்கூடாது. ஏதாவது பிசகினால் பழைய பதிப்புக்குத் திரும்புவது எப்படி என்பதையும் செய்து பார்த்திருக்க வேண்டும். புதிய பதிப்பு மாற்றிய தரவைப் பழைய பதிப்பு பெரும்பாலும் வாசிக்காது. அதனால் மாற்றுவதற்கு முன் எடுத்த பிரதியை வேறொரு கணினியில் மீட்டு, கடை திறந்து வியாபாரம் செய்யலாம் என்று கண்ணால் கண்ட பிறகே ‘காப்புப் பிரதி இருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

உங்கள் பதினொரு கடைகளில் எத்தனை, சொந்தக்காரருடையவை அல்லது தெரிந்தவருடையவை? பெரும்பாலானவையாக இருக்கும். நம்மவர்கள் பழகிய பிள்ளைகளின் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். நிறைய முறைப்பாடு அனுப்பிய கடை மென்பொருளை உண்மையில் பயன்படுத்துகிறது. ‘நல்லாயிருக்கிறது பிள்ளை’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் கடைக்குப் போய், மாலை ஆறு மணிக் கூட்டத்தில் கல்லாவின் ஓரமாகப் பேசாமல் நில்லுங்கள். திரையில் மென்பொருள் திறந்திருக்கும், கை கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும். ஏன் என்று அப்போது கேளுங்கள்.

இனி நாள். கொடியேற்றத்தில் தொடங்கும் இருபத்தைந்து நாட்களும் நகரத்துக் கடைகளுக்கு நெரிசல் நாட்கள். வெளிநாட்டிலிருந்து சனம் வந்து இறங்கும், கோயிலைச் சுற்றி வீதிகள் மூடப்படும், உங்களுக்கும் கடைக்கு ஓடிப்போய்ப் பார்க்க வழியிருக்காது. அந்த நேரத்தில் கல்லாவில் புதியது எதையும் வைக்காதீர்கள். திருவிழாவுக்குப் பின் வரும் வைரவர் மடையும் முடிந்து ஊர் ஆறுதலடைந்த பிறகு ஒரு நாள் குறியுங்கள். வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிட்டுச் சனி ஞாயிறில் தொலைபேசியைப் பார்க்காமல் இருக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் பலருக்கு உண்டு, அது ஆகாது. செவ்வாய் வெறுவாய் என்று வீட்டில் மறிப்பார்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்கிறார்களே, புதனே வையுங்கள். பின்னால் இரண்டு வேலைநாட்கள் மிச்சமிருக்கும். மாமாவுக்கும் நாள் பார்த்துச் செய்த திருப்தி இருக்கும்.

அன்றைக்கும் பதினொரு கடைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம். முதலில் ஒரு பெரிய கடை, ஒரு சிறிய கடை. ஒரு கிழமை கழித்து இன்னும் நான்கு. பிறகு மிகுதி, அதன் பின் புதியவர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு பிழையான கோப்பை எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்பியதில் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. முதல் மாதத்தில் இரவு எட்டரை மணிக்குத் தொலைபேசி எடுப்பவர் யார் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். கடைகள் கணக்கு முடிக்கும் நேரம் அதுதான்.

காசு கேட்கலாமா என்றீர்கள். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் வெளியிடும் நாளில் அல்ல, இப்போதே. பீட்டா இன்ன திகதியோடு முடிகிறது, அதன் பின் மாதம் இவ்வளவு, சோதித்துத் தந்ததற்காக உங்களுக்கு முதல் வருடம் பாதி விலை, வேண்டாம் என்றால் உங்கள் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாகத் தந்துவிட்டு விலகிக்கொள்கிறோம் என்று கடிதமாக எழுதிக் கையில் கொடுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதை எழுதுவதற்கு முன் அந்த எக்செல் கோப்பைத் திறந்து, கொத்தமல்லி எத்தனை தடவை வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.