கண்டக்டர் பார்த்த சாலை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் கோவில்பட்டி – எட்டயபுரம் தடம். இப்போது காலையில் நடக்கப் போகும்போது அந்தச் சாலையை செல்போனில் படம் எடுக்கிறேன். "ஒரே ரோட்டை எதுக்குப்பா திரும்பத் திரும்ப எடுக்கிறீங்க?" என்கிறான் மகன். என் வாழ்க்கையே இந்த ரோட்டில்தான் கழிந்தது, அதைப் படத்தில் கொண்டுவரப் பார்க்கிறேன். ஆனால் எடுத்ததைப் பார்த்தால் வெறும் ரோடுதான் தெரிகிறது. சில படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். என்ன குறை என்று சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

படங்களைப் பார்த்தேன். கை நடுங்காமல் எடுத்திருக்கிறீர்கள், கரிசல் காட்டுக்கு மேலே வானமும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் எல்லாமே சாலையின் நடுவில் நின்று, அது தொலைவில் ஒடுங்கிப் போவதைப் பார்த்து எடுத்தவை. அது டிரைவர் பார்க்கும் சாலை. நீங்கள் கண்டக்டர் இல்லையா?

முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்க உங்களுக்கு எங்கே நேரம் இருந்திருக்கும்? டிக்கெட் கிழித்து, சில்லறை எண்ணி, தலையைக் குனிந்து ஜன்னல் வழியே ஒரு பார்வை: எந்த ஸ்டேஜ் வந்திருக்கிறது, யார் கைகாட்டுகிறார்கள். பக்கவாட்டில், விட்டுவிட்டு, படிக்கட்டின் உயரத்திலிருந்து பார்த்த சாலை அது. கிலோமீட்டர் கணக்கு டிரைவருக்கு. உங்களுக்கு அது ஸ்டேஜ் ஸ்டேஜாக, கட்டணம் மாறும் இடங்களாகத்தான் மனதில் இருக்கும். ஆள் இல்லாத விடியற்காலையில் போய் எடுத்தால் வெறும் ரோடு வராமல் வேறென்ன வரும்?

1838இல் பாரிஸில் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டகேர் உயரமான ஒரு ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியைப் படம் எடுத்தார். வண்டியும் ஆளுமாக நெரிசல் மிகுந்த வீதி. அன்று ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த உலோகத் தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால், நகர்ந்துகொண்டிருந்த எதுவும் பதியவில்லை. ஓரத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட ஒரு காலைத் தூக்கி வைத்து நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். அவர் காலடியில் பாலிஷ் போடுகிறவரும் மங்கலாகத் தெரிகிறார். மனித உருவம் தெரியும் மிகப் பழைய புகைப்படம் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள்.

உங்களுக்கும் நின்றவர்களோடுதான் பிழைப்பு. நிறுத்தத்தில் கூடையோடு நின்றவர்கள், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக நின்ற பெண்கள், பாஸ் வைத்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள். (பாஸ் பிள்ளைகளைப் பார்த்ததும் விசில் கொடுத்துவிடும் கண்டக்டர்களை எனக்குத் தெரியும். நீங்கள் எந்த ரகம் என்று கேட்கவில்லை!) அதனால் காலை எட்டு, எட்டரைக்குப் போங்கள். சாலைக்குக் குறுக்காக நின்று, ஒவ்வொரு ஸ்டேஜிலும் எதிர்ப்பக்கத்து நிழற்குடையை எடுங்கள். டீக்கடை, சுவர் விளம்பரம், புளியமரத்தில் நெடுஞ்சாலைத் துறை எழுதிய எண் எல்லாம் இருக்கட்டும். முடிந்தால் பேருந்தில் ஏறி, பின்படிக்கட்டுக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். படம் ஆடினால் ஆடட்டும். ஆட்களை நெருங்கி எடுக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தடத்தில் உங்களைத் தெரியாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அதன் தரம் குறையும், எடுத்த தேதி, இடம் பற்றிய உள்விவரமும் போய்விடும். மூலப் படங்களை மகனிடம் சொல்லித் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்டேஜின் பெயரையும், நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்து என்ன டிக்கெட் என்பதையும் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.